அறக்கட்டளை முதலீட்டுக் குழுவின் ஆபரேஷன்ஸ் மேசை: எதை முதலில் ஒழுங்குபடுத்துவது?

#1 புதுமேசை

ஒரு அறக்கட்டளையின் முதலீட்டுக் குழுவுக்கு ஆபரேஷன்ஸ், நிர்வாகம் இரண்டும் என் பொறுப்பில் வந்திருக்கிறது. முதலீடு பார்ப்பவர்கள் ஐந்து பேர், அலுவல் வேலைக்கு ஒரே ஆள். சுமார் 60 முதலீடுகள். பாதி பிரைவேட் ஈக்விட்டி, வென்ச்சர் போன்ற மூடிய நிதிகள் (ஆயுள் முடியும்வரை இடையில் வெளியேற முடியாதவை). மிச்சம் ஹெட்ஜ் ஃபண்டும் சந்தையில் பட்டியலான பங்குகளும். கைவசம் இருப்பது ஒரு பழைய எக்ஸெல், கஸ்டோடியனின் (நம் சொத்துகளைப் பாதுகாத்துவைக்கும் வங்கியின்) போர்ட்டல், ஆளுக்கொரு மின்னஞ்சல் பெட்டி. கேபிடல் கால் (தருவதாக ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு பகுதியை நிதி கேட்பது) கட்டுவது, கமிட்டித் தாள்கள், ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் இந்த ஒரே மேசைக்குத்தான் வருகிறது. எதில் கை வைக்க வேண்டும்?

#2 பேரேடு

கமிட்மென்ட் பதிவேட்டில். எந்த நிதிக்கு எவ்வளவு வாக்குக் கொடுத்தோம், எவ்வளவு கட்டினோம், இன்னும் எவ்வளவு கேட்பார்கள் என்பதற்குச் சரியான விடை இல்லாமல் மேலே எதுவும் செய்ய முடியாது.

ஒரு நிதிக்கு ஒரு வரி. நிதியின் சட்டப்பூர்வ முழுப்பெயர் (மேலாளரின் வணிகப் பெயர் உதவாது, அதே மேலாளரிடம் மூன்றாம் நிதி, நான்காம் நிதி, ஃபீடர் (முதன்மை நிதிக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கும் துணை நிதி) என்று நாலைந்து இருக்கும்), நம் தரப்பில் கையெழுத்திட்ட அமைப்பின் பெயர், நாணயம், கமிட்மென்ட் தொகை, முதலீட்டுக் காலம் முடியும் தேதி, நிதியின் ஆயுள் முடியும் தேதி, நீட்டிப்பு எத்தனை முறை, வங்கி விவரத்தைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி.

பெரும்பாலான பழைய எக்ஸெல்களில் தப்பாக இருப்பது 'கட்ட வேண்டிய பாக்கி'. கமிட்மென்டிலிருந்து கட்டியதைக் கழித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு திருத்தம் வேண்டும். சில கட்டணங்களும், நிதியில் நாம் தாமதமாகச் சேர்ந்ததற்கான வட்டியும் கமிட்மென்டுக்கு வெளியே நிற்பவை. அவை பாக்கியைக் குறைக்காது. திரும்பி வந்த பணத்தில் ஒரு பகுதியை மேலாளர் மறுபடி கேட்கலாம் என்று நோட்டீஸில் இருந்தால் அந்தப் பகுதி பாக்கியோடு சேரும்.

உதாரணம்: கமிட்மென்ட் 100 லட்சம். கட்டியது 60 லட்சம், அதில் 1.5 லட்சம் கமிட்மென்டுக்கு வெளியே. திரும்பி வந்தது 8 லட்சம், அதில் 3 லட்சம் மறுபடி கேட்கக்கூடியது. பாக்கி 100 − 58.5 + 3 = 44.5 லட்சம். வெறுமனே கழித்தால் 40 என்று வரும். ஒரு நிதியில் 4.5 லட்சம் விட்டுப்போனால், முப்பது நிதியில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டைக் கட்டியதும் ஒவ்வொரு நிதியின் கடைசி மூலதனக் கணக்கு அறிக்கையோடும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் உடனே நம் எண்ணைத் திருத்திவிடாதீர்கள். நிதியின் நிர்வாகியும் (நிதியின் கணக்கை எழுதும் வெளி நிறுவனம்) தவறு செய்வார்.

#3 ஷரத்து

பதிவேடு வேண்டியதுதான். ஆனால் நான் தேதிக் காலண்டரை முன்னே வைப்பேன். பதிவேட்டில் பிழை இருந்தால் அடுத்த மாதம் திருத்தலாம். தவறிப்போன ரெடம்ப்ஷன் நோட்டீஸை (போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கிறோம் என்ற அறிவிப்பை) யாராலும் திருத்த முடியாது, அடுத்த காலாண்டோ அடுத்த ஆண்டோதான் வாய்ப்பு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

#4 இருகையெழுத்து

கேபிடல் கால் பத்தி மட்டும் சொல்றேன், பணம் வெளியே போற வாசல் அதுதான்.

பொதுவா நோட்டீஸ் வந்து 10 வேலைநாள் கிடைக்கும். கேட்க நிறைய மாதிரி இருக்கும், இருக்காது. முதல் விஷயம், நோட்டீஸ் தனி ஆள் பெட்டிக்கு வரக்கூடாது. குழுவுக்குப் பொதுவான ஒரு முகவரி வச்சு, எல்லா நிதி நிர்வாகிக்கும் அதைத் தெரிவியுங்க. அனலிஸ்ட் லீவில இருக்கும்போது அவர் பெட்டியில கிடந்து காலாவதி ஆகுற நோட்டீஸ்தான் பாதிப் பிரச்சினை.

வந்த அன்னைக்கே: நோட்டீஸ் எண், தேதி, தொகை, கட்ட வேண்டிய நாள் பதிவு. ஒரே நோட்டீஸ் மின்னஞ்சல், போர்ட்டல், கஸ்டோடியன்னு மூணு வழியா வரும், அதனால எண்ணை வச்சுத்தான் அடையாளம். இல்லேன்னா ரெண்டு தடவை கட்டிருவீங்க.

அடுத்து கணக்கு. நிதி மொத்தமா கேட்குற தொகையை நம்ம சதவீதத்தால பெருக்கினா நம்ம தொகை வரணும். இதுவரை கட்டினது, மிச்சம்னு அவங்க போட்டிருக்கிறது நம்ம பதிவேட்டோட ஒத்துப்போகணும். கட்டணம் எவ்வளவு, முதலீடு எவ்வளவுன்னு பிரிச்சிருக்காங்களான்னு பாருங்க. ஐ.எல்.பி.ஏ. (இந்த மாதிரி நிதிகள்ல முதலீடு பண்றவங்களோட சங்கம்) படிவத்துல அனுப்புற மேலாளர்னா வேலை சுலபம்.

வங்கி விவரம்: போன தடவை கட்டின கணக்கோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடணும். ஒரு எண் மாறியிருந்தாலும் பணம் நிக்கணும். சரிபார்க்க ஃபோன் பண்ற எண் நம்ம கோப்புல ஏற்கெனவே இருக்கிற எண்ணா இருக்கணும், நோட்டீஸ் வந்த மின்னஞ்சலோட அடியில இருக்கிற எண் கூடவே கூடாது. மோசடிக்காரன் மேலாளரோட பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான், நிஜ நோட்டீஸ்ல கணக்கு எண்ணை மட்டும் மாத்தி அனுப்புவான். தொகை, தேதி, நிதிப் பெயர் எல்லாம் சரியா இருக்கிறதால யாருக்கும் சந்தேகமே வராது. "தணிக்கை நடப்பதால் தற்காலிகமாக இந்தக் கணக்குக்கு அனுப்பவும்"னு வந்தா அது பெரும்பாலும் அதுதான்.

தயார் பண்றவர் ஒருத்தர், ஒப்புதல் ரெண்டு பேர், மூணும் வேற வேற ஆள். தலைவர் ஏர்போர்ட்ல இருந்து "அனுப்பிடுங்க"ன்னு மெசேஜ் போட்டா அது ஒப்புதல் இல்லை.

வெளிநாட்டு நாணயம்னா பின்னாலிருந்து எண்ணுங்க. ஸ்பாட்ல (அன்னைக்கு விலையில) மாத்தினா வழக்கமா ரெண்டு வேலைநாள். பணச்சந்தை நிதியில இருந்து எடுக்க ஒரு நாள். ரெண்டு நாணயத்தோட விடுமுறையும் கணக்குல வரும். கெடுவுக்கு ஒரு வேலைநாள் முன்னாடி பணம் அங்க போயிருக்கணும்னா, நோட்டீஸ் வந்த அஞ்சாம் நாளுக்குள்ள ஒப்புதல் முடிஞ்சிருக்கணும்.

கடைசியா, வங்கிக் கட்டணம் முழுக்க அனுப்புறவர் பொறுப்புன்னு குறிச்சு அனுப்புங்க. இல்லேன்னா இடையில இருக்கிற வங்கி கொஞ்சம் பிடிச்சுக்கும், அங்க தொகை குறைவா போய்ச் சேரும், நிர்வாகி "முழுசா வரலை"ன்னு எழுதுவார்.

#5 புதுமேசை

கெடு தவறினால் உண்மையில் என்ன ஆகும்? இரண்டு நாள் தாமதத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள்தானே?

#6 ஷரத்து

பொறுத்துக்கொள்வது வேறு, ஒப்பந்தம் வேறு. வழக்கமான ஒப்பந்தத்தில் எழுத்தில் எச்சரிக்கை, சில நாள் தவணை, அபராத வட்டி, அதற்கும் கட்டாவிட்டால் நம் பங்கில் பெரும்பகுதியைப் பறிக்கும் உரிமை என்று வரிசையாக இருக்கும். இரண்டு நாளில் பங்கைப் பறிக்கமாட்டார்கள். ஆனால் அறங்காவலர் குழு முன் அந்த எச்சரிக்கைக் கடிதத்தை வைத்து விளக்கம் சொல்ல வேண்டிவரும். கொடையாளிகளின் பணத்திலிருந்து அபராத வட்டி கட்டினோம் என்று கணக்கில் ஒரு வரி ஏறும். அந்த மேலாளரின் அடுத்த நிதியில் இடம் கேட்கும்போதும் அது நினைவில் இருக்கும்.

#7 ஐந்தொகை

#4-க்கு ஒரு சேர்க்கை: நிகரத் தொகை. மேலாளர் 5 லட்சம் கேட்பார், அதே நோட்டீஸில் 2 லட்சம் திருப்பித் தருவதாகவும் இருக்கும்; ஆகவே 3 லட்சம் அனுப்புங்கள் என்பார். வங்கியில் 3 தெரியும். கஸ்டோடியனும் 3 என்றே பதிவார். பேரேட்டில் 5 கட்டியது, 2 வந்தது என்று இரண்டு பதிவு இருந்தாக வேண்டும். 3 என்று போட்டால் பாக்கி 2 லட்சம் அதிகமாகக் காட்டும், கட்டிய மொத்தமும் திரும்பிய மொத்தமும் இரண்டுமே குறையும், அந்த விகிதங்களை வைத்துச் சொல்லும் வருவாய் அத்தனையும் பிசகும்.

அடுத்தது புது முதலீட்டாளர் பின்னால் சேரும்போது வரும் சமன்செய்தல். நாம் முதல் குளோஸிலேயே (நிதி முதலீட்டாளர்களைச் சேர்க்கும் முதல் சுற்றிலேயே) சேர்ந்தவர்கள், ஆறு மாதம் கழித்து வேறொருவர் சேர்கிறார். அவர் பங்குக்கு நாம் கூடுதலாகக் கட்டியிருந்தது திரும்பி வரும், கூடவே வட்டி. திரும்பிய அசல் வருமானம் அல்ல. பாக்கியை மீண்டும் உயர்த்தும். வட்டி தனிக் கணக்கு. இரண்டையும் சேர்த்து டிஸ்ட்ரிபியூஷன் (முதலீட்டிலிருந்து நிதி பிரித்துத் தரும் பணம்) என்று எழுதிவிட்டால் முதல் வருடமே நிதி லாபம் தந்ததுபோல் அறிக்கை பேசும்.

மதிப்பீடு தாமதமாக வருவது தனித் தலைவலி. காலாண்டு அறிக்கை பொதுவாக 45 முதல் 60 நாள் கழித்து வரும், தணிக்கையான ஆண்டறிக்கை 90 முதல் 120 நாள், நிதிகளில் முதலிடும் நிதி என்றால் 180 நாள்கூட ஆகும். அதுவரை நகர்த்திய மதிப்புதான்: கடைசி அறிக்கை மதிப்பு, கூட்டல் அதன்பின் கட்டியது, கழித்தல் அதன்பின் வந்தது. செப்டம்பர் 30-இல் 40, நவம்பரில் கட்டியது 5, டிசம்பரில் வந்தது 2 என்றால் டிசம்பர் 31-க்கு 43. பக்கத்திலேயே 'மதிப்பீடு, செப்டம்பர் அடிப்படை' என்ற குறிப்பு கட்டாயம். டிசம்பர் அறிக்கை வந்ததும் அந்தக் குறிப்பு மாற வேண்டும், நகர்த்தல்களும் நீங்க வேண்டும். நீக்க மறந்தால் நவம்பரில் கட்டிய 5 இரண்டு முறை சேர்ந்து நிற்கும். ஆண்டுக் கணக்கில் தணிக்கையாளர் பிடிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மாதம் ஒருமுறை மூன்று பக்க ஒப்பீடு: நம் பேரேடு, கஸ்டோடியன், நிதியின் அறிக்கை. தனியார் நிதிகளைப் பொறுத்தவரை கஸ்டோடியன் எண்ணைச் சுதந்திரமான சாட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் அனுப்பிய அறிக்கையைத்தான் அவர் பதிந்திருப்பார்.

#8 கட்டம்போட்டவர்

யாராவது மென்பொருள் வாங்கச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: 60 முதலீட்டுக்கு எக்ஸெல் போதும், ஒழுங்காகக் கட்டினால்.

பரிவர்த்தனைத் தாள் ஒன்றுதான் மூலம். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி: தேதி, நிதி, வகை, தொகை, நாணயம், நோட்டீஸ் எண், ஆவணத்தின் இணைப்பு, பதிந்தவர், சரிபார்த்தவர். பழைய வரியைத் திருத்தக்கூடாது. எதிர்ப்பதிவு போட்டுப் புதிய வரி சேர்க்க வேண்டும். பாக்கி, மொத்தம், வருவாய் எல்லாம் அந்தத் தாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும், கையால் தட்டிய எண் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பழைய எக்ஸெல் கெடுவது அதன் குற்றமல்ல, ஒரு கட்டத்தில் சூத்திரத்தின் மேல் எண்ணைத் தட்டிவிட்டுப் போனவர் குற்றம்.

#9 ஐந்தொகை

இதில் எனக்கு உடன்பாடில்லை. வரியைத் திருத்தக்கூடாது என்று சொல்லலாம், எக்ஸெல் தடுக்காது. யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் தணிக்கைக்கு வேண்டும். ஒரே ஆள் பதிந்து, அவரே சரிபார்த்து, அவரே அறிக்கை எடுப்பது அறக்கட்டளைக்கு ஆபத்து.

ஆனால் மென்பொருளுக்கு மாறும் முன் பேரேடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது உண்மை. முதல் நாளிலிருந்து வரலாறு முழுவதும் ஏற்ற வேண்டும். 'தொடக்க இருப்பு' என்று ஒரே வரியில் ஏற்றினால் பழைய நிதிகளின் ஐ.ஆர்.ஆர். (பணம் போன, வந்த தேதிகளை வைத்துக் கணக்கிடும் ஆண்டு வருவாய் விகிதம்) வரவே வராது. இரண்டு காலாண்டு முடிவாவது எக்ஸெல், மென்பொருள் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக ஓட்டி, வித்தியாசம் பூஜ்யமானபின் பழையதை மூடலாம்.

#10 ஷரத்து

சொன்னபடி தேதிகள்.

ஹெட்ஜ் ஃபண்ட் ரெடம்ப்ஷன்: காலாண்டு முடிவில் வெளியேறலாம், 65 நாள் முன்னறிவிப்பு என்று இருந்தால், டிசம்பர் 31-க்கு அக்டோபர் 27-க்குள் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். 65 வேலைநாள் என்று இருந்தால் செப்டம்பரிலேயே. ஒப்பந்தத்தில் எந்தச் சொல் என்று பார்த்துக் காலண்டரில் கடைசி நாளையே எழுதுங்கள். '65 நாள் முன்' என்று குறித்துவைத்தால் யாரும் எண்ணமாட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் முதலீட்டுக் குழுவுக்கு 'வெளியேறும் எண்ணம் உண்டா' என்று ஒரு வரி போகட்டும்.

லாக்-அப் (பணத்தை எடுக்க முடியாத ஆரம்பக் காலம்) ஒவ்வொரு முறை போட்ட பணத்துக்கும் தனித்தனியாக ஓடும், ஆகவே தவணைவாரியாகத் தேதி. ஒரு காலாண்டில் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்ற கேட் (வெளியேற்ற வரம்பு) இருந்தால் முழுவதும் வெளியேற ஒரு வருடம். முழுத் தொகையும் எடுக்கும்போது 5 சதவீதம்போல் தணிக்கை முடியும்வரை பிடித்துவைப்பார்கள். அதை வர வேண்டியது என்று பதிந்து துரத்த வேண்டும், தானாக வராமல் கிடப்பதும் உண்டு.

கவனிக்கப்படாத ஒன்று: பணமோசடித் தடுப்பு விதியின்படி, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பும். கஸ்டோடியனை மாற்றிப் பழைய கணக்கை மூடியிருந்தால் ரெடம்ப்ஷன் மாட்டிக்கொள்ளும். கணக்கை மூடும் முன் எல்லா நிர்வாகிகளிடமும் புதுக் கணக்கைப் பதிந்து உறுதிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

ஆவணக் காலாவதி: எல்.இ.ஐ. (அமைப்பை அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு) எழுத்தும் எண்ணும் கலந்து 20 இடம் கொண்டது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க நிதிகளுக்குக் கொடுக்கும் டபிள்யூ-8 வகைப் படிவம் (நாம் அமெரிக்கர் அல்ல என்று காட்டும் வரிப் படிவம்) பொதுவாகக் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாம் காலண்டர் ஆண்டின் கடைசி நாள்வரை செல்லும். 2025-இல் போட்டது 2028 டிசம்பர் 31வரை. காலாவதியானால் வரி பிடித்துக்கொண்டு மிச்சம்தான் வரும், திரும்ப வாங்குவது நீண்ட வேலை. கே.ஒய்.சி.க்குக் கொடுத்த அறங்காவலர்களின் பாஸ்போர்ட் காலாவதியும் இதே காலண்டரில் இருக்கட்டும்.

சைடு லெட்டர் (மேலாளரோடு நாம் தனியாகப் போடும் துணை ஒப்பந்தம்): அதில் அறக்கட்டளைக்கு முக்கியமானது விலக்கு உரிமை. புகையிலை, ஆயுதம் போன்ற துறையில் நம் பணம் போகக்கூடாது என்று எழுதி வாங்கியிருப்போம். அந்த உரிமை தானாகச் செயல்படாது. கேபிடல் கால் வந்த சில நாளுக்குள், பெரும்பாலும் 5 வேலைநாள், எழுத்தில் விலக்குக் கேட்க வேண்டும். ஆகவே நோட்டீஸில் 'எதற்காக' என்ற வரியை ஆபரேஷன்ஸ் ஆள் படித்து, சந்தேகமிருந்தால் அன்றே முதலீட்டுக் குழுவுக்குத் தள்ள வேண்டும். பணம் கட்டியபின் கொள்கை பேசிப் பயனில்லை.

ஒப்பந்தத் திருத்தத்துக்குச் சம்மதம் கேட்டு வரும் கடிதத்தில் 'இந்தத் தேதிக்குள் பதில் இல்லையேல் சம்மதமாகக் கருதப்படும்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவும் காலண்டருக்கு.

#11 புதுமேசை

விலக்கு உரிமை பற்றி யாருமே சொல்லவில்லை, சைடு லெட்டர்களைத் தேடி எடுக்கிறேன். சப்ஸ்கிரிப்ஷன் படிவம் (நிதியில் சேரக் கையெழுத்திடும் படிவம்) ஒவ்வொன்றும் 60, 70 பக்கம் வருகிறது. அதைச் சுருக்க வழி உண்டா?

#12 ஷரத்து

பக்கத்தைக் குறைக்க முடியாது, யோசிக்கும் நேரத்தைக் குறைக்கலாம். ஒரு விடைத்தொகுப்பு: பதிவுச் சான்றிதழ், அறப்பணி வரிவிலக்குக் கடிதம், அறக்கட்டளைப் பத்திரம், கையெழுத்து அதிகாரத் தீர்மானம், கையெழுத்து மாதிரிகள், ஃபேட்கா, சி.ஆர்.எஸ். (வெளிநாட்டுக் கணக்குகளை வரித்துறைகளுக்குத் தெரிவிக்கும் விதிகள்) நிலை. எல்லாம் ஒரே கோப்புறையில், தேதியோடு.

எல்லா முறையும் தடங்கலாவது 'உண்மையான பயனாளி யார்' என்ற கேள்வி. அறக்கட்டளைக்குப் பங்குதாரர் கிடையாது. படிவமோ 25 சதவீதத்துக்கு மேல் உரிமை உள்ளவரைக் கேட்கும். பெரும்பாலும் கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று அறங்காவலர்களையோ தலைமை நிர்வாகியையோ காட்ட வேண்டிவரும். இதற்குச் சட்ட ஆலோசகர் ஒப்பிய ஒரே வாசகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிதியில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் எழுதினால், இரண்டுக்கும் ஒரே நிர்வாகி இருக்கும்போது கேள்வி திரும்பி வரும்.

#13 பேரேடு

கமிட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்ட நாளிலிருந்து பின்னோக்கி: 15 நாள் முன் வரைவு, 10 நாள் முன் சட்டமும் செயல்பாட்டு ஆய்வும் முடிய வேண்டும், 7 நாள் முன் தாள்கள் உறுப்பினர் கையில். கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் கூட்டக் குறிப்பு வரைவு.

குறிப்பில் யார் என்ன பேசினார் வேண்டாம். முடிவு, உச்சத் தொகை, நிதியின் சட்டப்பெயர், நிபந்தனைகள், ஒப்புதல் எத்தனை மாதம் செல்லும், யார் விலகியிருந்தார். கமிட்டி முதன்மை நிதிக்கு ஒப்புதல் தந்திருக்கும், வரிக் காரணத்துக்காக ஃபீடரில் கையெழுத்தாகும். குறிப்பில் 'அல்லது அதன் இணை அமைப்பு' என்று இல்லாவிட்டால் தணிக்கையில் அது ஒப்புதல் இல்லாத முதலீடு.

நலன் முரண்: உறுப்பினரோ குடும்பத்தினரோ அந்த மேலாளரிடம் பணம் வைத்திருந்தால், வருட அறிவிப்போடு நிற்காமல் அந்தப் பொருள் வரும்போதும் சொல்லி அறையை விட்டு எழுந்து போக வேண்டும். போன நேரமும் வந்த நேரமும் குறிப்பில்.

#14 இருகையெழுத்து

பணப்புழக்கக் கணிப்பை யாரும் தொடலையே. அறக்கட்டளைன்னா மானியமும் போகணும், கேபிடல் காலும் கட்டணும். மானியத் தேதியை மானியக் குழு வச்சிருப்பாங்க, முதலீட்டு மேசைக்குக் கடைசி நிமிஷத்துலதான் வரும். அடுத்த 12 மாச மானிய அட்டவணையை மாசாமாசம் வாங்குங்க.

கேபிடல் காலுக்கு, யேல் பல்கலைக்கழக முதலீட்டு அலுவலகத்துல உருவான டக்காஹாஷி-அலெக்சாண்டர் மாதிரி இன்னும் உதவும்: முதல் வருஷம் பாக்கியில 25 சதவீதம், ரெண்டாம் வருஷம் மிச்சத்துல மூணுல ஒரு பங்கு, அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மிச்சத்துல பாதி. 100 கமிட்மென்ட்னா 25, 25, 25, 12.5ன்னு போகும். நிதி ஒண்ணுக்கு இது சரியா வராது, முப்பது நிதிக்கு மொத்தமா சுமாரா வரும்.

ரெண்டு எச்சரிக்கை. மேலாளர் வங்கிக் கடன் வசதியை வச்சு முதலீடு பண்ணிட்டு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சேர்த்துக் கேட்பார், அதனால ஒண்ணும் வரலைன்னா நிம்மதின்னு அர்த்தமில்லை. எவ்வளவு கடன் நிக்குதுன்னு காலாண்டு அறிக்கையில பாருங்க. இன்னொண்ணு, 2008-09 மாதிரி நேரத்துல திரும்பி வர்ற பணம் கிட்டத்தட்ட நின்னுரும், கட்ட வேண்டியது நிக்காது. வரவைப் பூஜ்யமா வச்சு 12 மாசம் மானியமும் கேபிடல் காலும் தாங்குதான்னு ஒரு ஓட்டம் தனியா ஓட்டுங்க.

#15 புதுமேசை

பழைய ஊழியர் பெயரில் இருக்கும் போர்ட்டல் கணக்குகளை என்ன செய்வது? சிலவற்றின் சரிபார்ப்புக் குறியீடு அவருடைய ஃபோனுக்குப் போகிறது.

#16 ஷரத்து

அதை நாளைக்கு விடாதீர்கள். மூன்று பட்டியல்: போர்ட்டல் பயனர்கள், ஒவ்வொரு நிதியிடமும் பதிவான கையெழுத்து அதிகாரிகள், வங்கி மற்றும் கஸ்டோடியன் டோக்கன்கள். முதலும் மூன்றும் எல்லோரும் செய்வார்கள். இரண்டாவது விட்டுப்போகும்; விலகியவர் கையெழுத்தோடு ஒரு ரெடம்ப்ஷன் கடிதம் போனால் நிர்வாகி அதை ஏற்பார். எல்லா நிர்வாகிகளுக்கும் புது அதிகாரப் பட்டியலை அனுப்பிப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள்.

குறியீடு: முடிந்த இடத்தில் அங்கீகாரச் செயலிக்கு மாற்றுங்கள், ஆளுக்கொரு பயனர் பெயரில் குறைந்தது இரண்டு பேர். பொதுக் கடவுச்சொல் வேண்டாம், யார் பதிவிறக்கினார் என்ற தடம் போய்விடும். பழையவர் இன்னும் பணியில் இருக்கிறார் என்றால், அவர் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிவிடுவது சுலபம். அவர் போனபின் ஒவ்வொரு போர்ட்டலுக்கும் நிறுவனக் கடிதம், கையெழுத்து, காத்திருப்பு. முதலில் இன்னும் கேபிடல் கால் பாக்கி இருக்கும் நிதிகளுடையதை மாற்றுங்கள்.